மகள் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து: கூட நிற்கும் அம்மாக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தனிக்குடித்தனம் போன மகள் முதல் தடவையாகத் தன் வீட்டில் கிறிஸ்துமஸ் ராத்திரி விருந்து வைக்கிறாள், நீங்கள் கூட நிற்கப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்கு. பேச்சுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன்: சென்னையில் 2 படுக்கையறை ஃபிளாட், மூன்று அடுப்பு ஸ்டவ், 20 பேர். அதில் பெரியவர்கள் 16, பிள்ளைகள் 4. பெரியவர்களில் 4 பேர் சைவம். 25ஆம் தேதி ராத்திரி 8 மணிக்குச் சாப்பாடு.

விருந்து வைப்பவள் மகள். ஆட்கள் வரும் நேரத்தில் அவள் கை கழுவி, உடை மாற்றி, வாசலில் நின்று "வாங்க" என்று சொல்ல வேண்டும். கீழே வரும் எல்லா வேலையும் அதற்காகத்தான். அம்மாக்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பாசத்தில் மொத்தச் சமையலையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். சாப்பாடு நன்றாகத்தான் அமையும், ஆனால் மகள் தன் வீட்டிலேயே எடுபிடியாக நிற்பாள்; வந்தவர்களும் கைகழுவும் இடத்தில் உங்களைத்தான் பாராட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷமும் அவளுக்குத் தனியாகச் செய்யத் தைரியம் வராது.

1. மூன்று வாரம் முன்: முதலில் கேளுங்கள்

மெனுவை நீங்களே ஆரம்பிக்காதீர்கள். மகளை உட்காரவைத்து நாலு விஷயம் கேளுங்கள். யார் யார் வருகிறார்கள்? யார் எதைச் சாப்பிட மாட்டார்கள்? எந்தப் பதார்த்தத்தை அவளே தன் கையால் செய்ய ஆசைப்படுகிறாள்? எதை நினைத்துப் பயப்படுகிறாள்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். பெரும்பாலும் சமையலைப் பற்றிய பயமாக இருக்காது. "அத்தை வந்து கிச்சனைப் பார்த்தா என்ன நினைப்பாங்க", "ஆபீஸ்ல இருந்து வர்றவங்களும் சித்தப்பாவும் ஒரே ஹால்ல எப்படிம்மா" என்கிற மாதிரி இருக்கும். பயம் எது என்று தெரிந்தால்தான் உங்கள் உதவியை அங்கே வைக்க முடியும்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சாப்பாட்டு விவரத்தை எழுதச் சொல்லுங்கள். சைவமா, முட்டை உண்டா, ரம்மில் ஊறிய பழம் போட்ட கேக் சாப்பிடுவார்களா, கறி ஹலாலாக இருக்க வேண்டுமா. இஸ்லாமிய நண்பர்கள் வருவதாக இருந்தால் கறிக்கடையில் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். விருந்தன்று அவர்கள் கேட்குமுன் மகளே சொல்லிவிடலாம். கேட்கத் தயங்கி வெறும் தயிர்சாதத்தோடு எழுந்துபோகும் விருந்தினர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

சம்பந்தியம்மாவுக்கும் ஒரு பொறுப்பு வேண்டும். அவர்கள் கைப்பக்குவத்தில் பேர் வாங்கிய பதார்த்தம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதை அவர்களிடமே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கேட்பது மகளாக இருக்க வேண்டும், நீங்கள் இல்லை. நீங்கள் கேட்டால் அது ஏற்பாடு, மருமகள் கேட்டால் அது உரிமை.

2. மெனு: கடைசி நிமிஷ வேலை ஒன்றுக்கு மேல் வேண்டாம்

நான் சொல்லும் மெனு இது: மட்டன் பிரியாணி, சைவத்துக்குப் பிரிஞ்சி, கத்தரிக்காய் தொக்கு, வெங்காயத் தயிர்ப் பச்சடி, கோழி மிளகு வறுவல், பிரெட் அல்வா, கேக்.

தாளிச்சாவில் எலும்பு போடும் வழக்கம் உண்டு, அதனால் அதை விட்டுவிட்டுத் தொக்கு வைத்திருக்கிறேன். தொட்டுக்கொள்ளும் பதார்த்தம் சைவமாக இருந்தால் 20 பேரும் எடுக்கலாம், இரண்டு சட்டி வைக்க வேண்டியதில்லை.

சிக்கன் 65 வேண்டவே வேண்டாம். சூடாகப் பொரித்துக்கொண்டே இருந்தால்தான் அது ருசி. அதாவது, ஆட்கள் ஹாலில் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்க வேண்டும். மிளகு வறுவலை மாலையிலேயே முடித்துவிட்டு, பரிமாறும் முன் இரும்புச் சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். பூரி, தோசை, ஆம்லெட் எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். பிரியாணி தம் ஒன்று மட்டும் கடைசி நேரத்துக்கு இருக்கட்டும்.

3. அளவு

பெரியவர், சிறியவர் கலந்து 8 பேருக்கு 1 கிலோ சீரக சம்பா, 1½ கிலோ ஆட்டுக்கறி. கறி சாப்பிடுபவர்கள் 16 பேர், ஆகவே 2 கிலோ அரிசி, 3 கிலோ கறி. தொடையும் நெஞ்செலும்பும் கலந்து வாங்குங்கள். தொடைக்கறி மட்டும் போட்டால் சாறு இறங்காது.

பிரிஞ்சிக்கு ½ கிலோ போதும் என்று தோன்றும். ¾ கிலோ போடுங்கள். அசைவக்காரர்களும் ஒரு கரண்டி ருசி பார்ப்பார்கள், சைவக்காரர்களுக்கு இரண்டாம் தடவை இல்லாமல் போகக்கூடாது. கோழி 2 கிலோ. பச்சடிக்குத் தயிர் 1½ லிட்டர். குடிநீர் 20 லிட்டர் கேன் இரண்டு.

4. அவள் அடுப்படியைப் பாருங்கள்

உங்கள் வீட்டுப் பாத்திரக் கணக்கு அங்கே செல்லாது. இரண்டு வாரம் முன்பே போய்ப் பாருங்கள்.

முதலில் பாத்திரம். 2 கிலோ பிரியாணியை ஒரே தேக்சாவில் போடாதீர்கள். வீட்டு அடுப்பின் தீ பெரிய பாத்திரத்தின் ஓரம் வரைக்கும் போகாது. நடுவில் அடிபிடிக்கும், ஓரத்தில் அரிசி விறைத்து நிற்கும். 8 முதல் 10 லிட்டர் பாத்திரம் இரண்டு எடுத்து, கிலோ கிலோவாகப் போடுங்கள். அடி கனமாக, மூடி பொருத்தமாக இருக்க வேண்டும். தம்முக்கு அடியில் வைக்கப் பழைய தோசைக்கல் இரண்டு. இரண்டும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் இடிக்காமல் உட்காருகிறதா என்று வெறும் பாத்திரத்தை வைத்தே பாருங்கள். இடித்தால் ஒன்றைச் சின்ன அடுப்புக்கு மாற்ற வேண்டும், அந்த அடுப்புக்குத் தம் நேரமும் கூடும்.

அடுத்து கேஸ். மாற்று சிலிண்டர் நிரம்பி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அன்றைக்கே பதிவு செய்யச் சொல்லுங்கள். பண்டிகை வாரத்தில் வருவதற்குத் தாமதமாகலாம். இண்டக்‌ஷன் அடுப்பையும் கீசரையும் மைக்ரோவேவையும் ஒரே நேரத்தில் போட்டால் அவள் வீட்டில் ட்ரிப் ஆகிறதா என்பதையும் பார்த்து வையுங்கள்.

அப்புறம் ஃபிரிட்ஜ். 24ஆம் தேதி ராத்திரி 3 கிலோ கறி, 2 கிலோ கோழி, தயிர், அல்வா எல்லாம் உள்ளே போக வேண்டும். அந்த வாரம் காய்கறியைக் குறைத்து வாங்கச் சொல்லுங்கள்.

5. ஒத்திகை: அரைக் கிலோ, அவள் கையால்

விருந்துக்கு முந்தின ஞாயிறுகளில் ஒன்றில், அதே அடுப்பில், அதே பாத்திரத்தில் ½ கிலோ பிரியாணியை மகளே செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். கரண்டியை வாங்காதீர்கள்.

இதில் அவள் கற்றுக்கொள்ள வேண்டியது மூன்று. முதலாவது தண்ணீர். அரிசி அளந்த அதே டம்ளரால்தான் தண்ணீரும் அளக்க வேண்டும்; 1 டம்ளர் சீரக சம்பாவுக்கு 1½ டம்ளர். கறி வெந்த சாற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் சாற்றை மறந்துவிட்டு முழுத் தண்ணீரையும் ஊற்றுகிறார்கள், சாதம் குழைந்துவிடுகிறது. சாற்றை வடித்து அளந்து, குறைகிற அளவுக்கு மட்டும் வெந்நீர் ஊற்றினால் சரியாக வரும். புது அரிசி என்றால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதை ஒத்திகைதான் சொல்லும், ஆகவே அன்றைக்கு வாங்கும் அரிசியிலிருந்தே விருந்துக்கும் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது உப்பு. அரிசி போடும் முன், கொதிக்கும் சாற்றை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தால் ஒரு படி கூடுதலாகக் கரிக்க வேண்டும். சரியாக இருந்தால் போதாது என்று அர்த்தம், ஏனென்றால் அரிசி உப்பை இழுத்துக்கொள்ளும்.

மூன்றாவது தம் போடும் நேரம். அரிசி போட்டுக் கொதித்து, தண்ணீர் மேலிருந்து இறங்கி அரிசி மட்டத்துக்கு வந்ததும் சின்னச் சின்னக் குழிகள் விழும். குழிக்குள் சாறு குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். அப்போது மூட வேண்டும். குமிழ் நின்ற பிறகு மூடினால் தம்முக்கு ஆவி இருக்காது. குமிழ் மேலே ததும்பும்போதே மூடினால் அடி களியாகும். இந்த ஒரு நிமிஷத்தை அவள் தன் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

6. பத்து நாள் முன்: பலகாரமும் கேக்கும்

முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கல்கல் மூன்றும் டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். இவற்றை உங்கள் வீட்டிலேயே செய்து கொண்டுபோகலாம், தப்பில்லை. மகள் வேலைக்குப் போகிறவள், வார நாளில் இதற்கு நேரம் கிடையாது. அச்சு முறுக்கைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் ஒரு சனிக்கிழமை வரச் சொல்லுங்கள். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகக் காய வேண்டும், மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். மேல் விளிம்பையும் மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது.

பிளம் கேக்கும் இப்போதே. நாலைந்து நாள் இருந்தால்தான் ருசி ஏறும். ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய பழத்தைப் போட்டுச் செய்துவிட்டால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. முட்டை சாப்பிடாதவர்களுக்கு முட்டையில்லாத கேக் ஒன்று சின்னதாக வாங்கி, தனித் தட்டு, தனிக் கத்தியோடு வையுங்கள். ஒரே கத்தி என்றால் தனிக் கேக்குக்கு அர்த்தமில்லை.

7. 23, 24 தேதிகளில்

கறிக்கு 22ஆம் தேதியே சொல்லி வைத்துவிடுங்கள். 24ஆம் தேதி காலையில் கூட்டம் சேருமுன் போய், துண்டின் அளவைச் சொல்லி, முன்னால் நின்று வெட்டச் சொல்லி வாங்குவது நல்லது. 25ஆம் தேதி ஆராதனை முடிந்து கறிக்கடை வரிசையில் நிற்கிற வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

23ஆம் தேதி: பூண்டு உரிப்பது, இஞ்சி பூண்டு விழுது அரைப்பது, பட்டை கிராம்பு ஏலக்காய் பொடிப்பது, முந்திரி உடைப்பது.

24ஆம் தேதி மாலை: வெங்காயம் நறுக்கி மூடி வைப்பது, புதினா கொத்தமல்லி ஆய்ந்து துணியில் சுற்றி வைப்பது, பிரெட் அல்வா கிண்டுவது. அல்வாவை மறுநாள் கொஞ்சம் பாலும் நெய்யும் விட்டுச் சூடாக்கினால் அன்று செய்தது போலவே இளகிவிடும். கறியில் தயிர், விழுது, மிளகாய்த்தூள், உப்பு பிசறி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுக்கலாம். புதினாவை மட்டும் முதல்நாளே நறுக்காதீர்கள், கறுத்துப்போகும்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா 25, 26 தேதிகளில் வருவாரா என்று முன்பே கேட்கச் சொல்லுங்கள். 26ஆம் தேதி பாத்திரம் மலையாகக் கிடக்கும், அதற்குத் தனியாகப் பணம் கொடுப்பதாகச் சொல்லியே கேட்க வேண்டும். அவர்களும் பண்டிகை கொண்டாடுகிறவர்களாக இருந்தால் தொந்தரவு செய்யாமல் வேறு ஏற்பாடு பாருங்கள்.

8. 25ஆம் தேதி: 8 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

அதிகாலை ஆராதனைக்கு 3 மணிக்கே எழுந்த உடம்பு இது. மதியம் பெரிய சமையல் வைக்காதீர்கள். ரசம், அப்பளம், ஒரு பொரியல் போதும். மதியமும் விருந்து, ராத்திரியும் விருந்து என்று இழுத்துக்கொள்ளும் வீடுகளில் மகள் 7 மணிக்கு வெளிறிப்போய் நிற்பாள். சாப்பிட்டதும் அவளை 3 மணி வரை கதவைச் சாத்திக்கொண்டு தூங்கச் சொல்லுங்கள். நீங்களும் படுங்கள்.

3.15: கறியையும் கோழியையும் வெளியே எடுக்காமல், முதலில் பிரிஞ்சியும் கத்தரிக்காய் தொக்கும். அடுப்பும் கரண்டியும் சுத்தமாக இருக்கும்போதே சைவத்தை முடித்து, பிரிஞ்சியை ஹாட்பாக்ஸில் மாற்றி, அதன் கரண்டியோடு டைனிங் டேபிளுக்கு அனுப்பிவிடுங்கள். அசைவம் தொட்ட கரண்டி இதற்குள் போகவில்லை என்று மகள் மனசாரச் சொல்ல முடியும்.

4.30: கறி குக்கரில். இளங்கறி என்றால் மூன்று விசில், முற்றல் என்றால் ஐந்து. முக்கால் பதம் போதும், மீதி தம்மில் வேகும். பக்கத்து அடுப்பில் மிளகு வறுவல்.

5.30: இரண்டு பாத்திரத்திலும் தாளிப்பு, வெங்காயம், தக்காளி, புதினா. இது மகள் கையால். வெங்காயம் பொன்னிறமாக வருவதற்கு அவசரப்படக்கூடாது, நிறமும் ருசியும் அதில்தான். கறியை இரண்டாகப் பிரித்துச் சேர்த்துவிட்டால் மசாலா தயார்.

6.15: அரிசியைக் கழுவி ஊறவைத்துவிட்டு மகள் அடுப்படியை விட்டு வெளியேறுகிறாள். உப்புப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும், அது அவள் பிரியாணி. சீரக சம்பாவுக்கு அரை மணி ஊறல் போதும், அதற்கு மேல் விட்டால் கிண்டும்போது உடையும்.

6.45: அரிசி போடுவது நீங்கள். 7.05 வாக்கில் குழி விழும். தோசைக்கல்லை அடியில் வைத்து, மூடி மேல் வெந்நீர்ப் பாத்திரம் வைத்து, சிறு தீயில் 20 நிமிஷம். அணைத்தபிறகு 20 நிமிஷம் திறக்கவே கூடாது. வாசனை வருகிறதே என்று மாமாவோ சித்தியோ வந்து மூடியைத் தூக்கப் பார்ப்பார்கள். அன்பாகத் தடுங்கள்.

மாப்பிள்ளைக்கும் இதே பட்டியலில் இடம் உண்டு: நாற்காலி, ஐஸ், கேட்டில் பார்க்கிங் சொல்வது, 6 மணிக்குப் பாத்ரூமைக் கழுவிப் புதுத் துண்டு மாட்டுவது. "நான் என்ன செய்யட்டும் அத்தை" என்று அவர் கேட்கும் வரை காத்திருந்தால் எல்லோருக்கும் தாமதம். காலையிலேயே மகள் எழுதிக் கொடுத்துவிடட்டும்.

9. ஆட்கள் வந்தபிறகு நீங்கள் நிற்கும் இடம்

வாசலுக்கு முதலில் போகாதீர்கள். மகளும் மாப்பிள்ளையும் வரவேற்றபின் நீங்கள் வந்து நலம் விசாரித்தால் போதும்.

மற்றவர் முன்னால் திருத்தம் சொல்வது பெரிய தப்பு. "அந்தத் தட்டு வேண்டாம், இதை எடு" என்று ஹாலில் வைத்துச் சொன்னால், அவள் அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். சொல்லியே ஆக வேண்டும் என்றால் அடுப்படிக்குக் கூப்பிட்டு, காதோடு. யாராவது "சமையல் நீங்களா?" என்று கேட்டால் "பிரியாணி இவள்தான். நான் தம் பார்த்துக்கிட்டேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு ஜெபம் யார் செய்வது என்று முதல்நாளே முடிவாகியிருக்க வேண்டும். வேற்று மதத்து நண்பர்களும் நிற்பார்கள், பசித்த பிள்ளைகளும் நிற்பார்கள். சுருக்கமாகச் செய்யத் தாத்தாவிடம் மகளே கேட்டுக்கொள்ளட்டும், பேத்தி கேட்டால் தட்ட மாட்டார்.

10. பரிமாறுவது

பிள்ளைகளுக்கு 7.30க்கே பிரிஞ்சி கொடுத்து முடித்துவிடுங்கள். பிரியாணிக்காகக் காக்கவைத்தால் முறுக்கைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டு தூங்கிப்போவார்கள்.

டேபிளைச் சுவரை விட்டுக் கொஞ்சம் இழுத்துப் போட்டால் இரண்டு பக்கமும் ஆள் நடக்கலாம். ஒரு முனையில் தட்டு, பிறகு பிரிஞ்சி, தொக்கு, பச்சடி, அப்புறம் பிரியாணி, கடைசியில் வறுவல். சைவம் முன்னால் இருந்தால் சைவக்காரர்கள் கறிச் சட்டியைத் தாண்டிக் கை நீட்ட வேண்டியதில்லை. தண்ணீரும் கேக்கும் இந்த டேபிளில் வேண்டாம். தண்ணீருக்கு வருபவர்கள் சாப்பாட்டு வரிசையை மறித்துவிடுவார்கள். வயதானவர்களை வரிசையில் நிறுத்தாமல் உட்காரவைத்து, அவர்கள் தட்டுக்கு மகள் கொண்டுபோய்ப் பரிமாறட்டும்.

பிரியாணியைக் கரண்டியால் நடுவில் குத்திக் கிளறக்கூடாது. ஒரு சின்னத் தட்டை ஓரமாக அடிவரை இறக்கி அப்படியே அள்ளினால் அரிசி உடையாது, மேலும் கீழும் கறியோடு கலந்து வரும். இதை முதல் தட்டுக்கு நீங்கள் செய்து காட்டிவிட்டு விலகிவிடுங்கள். பச்சடிக்கு உப்பு இப்போது போட்டால் போதும். முன்பே போட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டு மோர் மாதிரி ஆகிவிடும்.

11. முடிந்தபிறகு

மிஞ்சிய பிரியாணியை விடிய விடியப் பாத்திரத்திலேயே மூடி வைக்காதீர்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அகலமான டப்பாக்களில் மெலிதாகப் பரப்பி ஃபிரிட்ஜுக்கு அனுப்புங்கள், ஆழமான பாத்திரத்தில் நடுச்சூடு ஆறவே ஆறாது. ஊருக்குக் கொடுத்தனுப்ப டப்பாக்களை முன்பே வாங்கி வைத்திருந்தால் போகிறவர்கள் கையில் அப்போதே கொடுத்துவிடலாம். வாட்ச்மேனுக்கும் பக்கத்து வீட்டுக்கும் எடுத்து வைக்க வேண்டிய பங்கு, விருந்து ஆரம்பிக்கும் முன்பே எடுத்தாக வேண்டும்.

தேக்சாக்களில் வெந்நீர் ஊற்றி ஊறவையுங்கள். தேய்ப்பது நாளைக்கு. ராத்திரி 12 மணிக்கு நீங்கள் பாத்திரம் கழுவ நின்றால் அவளும் வந்து நிற்பாள்.

படுக்கும் முன் மெனுத் தாளின் பின்பக்கம் மகளை எழுதச் சொல்லுங்கள்: அரிசி எவ்வளவு மிஞ்சியது, எது முதலில் தீர்ந்தது, எந்த அடுப்பில் தம் நேரம் கூடியது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை. தாளை அவள் வீட்டிலேயே, அவள் அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த டிசம்பரில் கடைப் பட்டியல் போடும்போது உங்களைக் கேட்காமல் அதை எடுத்துப் பார்க்க வேண்டும்.